ராஸீ என்றால் எந்த ராஸீ?

அரபிக் கல்லூரிகளில் மன்திக் எனும் தர்க்கவியலுக்காக 'குத்பீ' ஓதத் தொடங்கும் மாணவர்களிடமிருந்து ஆண்டுதோறும் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், இதை எழுதிய ராஸீயும் தஃப்ஸீர் கபீர் எழுதிய ராஸீயும் ஒருவர்தாமா?" ஒருவரல்லர், இருவர் என்று விடை சொன்னால், "அப்படியானால் அம்மை நோயைப் பற்றி எழுதிய ராஸீ?" என்று அடுத்த கேள்வி பிறக்கும். அவர் மூன்றாமவர். 'முக்தாருஸ் ஸிஹாஹ்' அகராதியைப் புரட்டும் மாணவன் நான்காவது ராஸீயைக் காண்கிறான். ஹதீஸ் அறிவிப்பாளர்களின் வரலாற்றுக்குள் நுழைந்தாலோ ராஸீகள் அணிவகுத்து நிற்கின்றனர்.

இக்கேள்வியை நான் எளிதாகக் கடந்து செல்வதில்லை. ஸனது பெற்று வெளிவந்த புதிதில் ஒரு மீலாது மேடையில் பேச வாய்ப்புக் கிடைத்தது. முஸ்லிம்களின் அறிவுப் பணியை விளக்கும் ஆர்வத்தில், "திருக்குர்ஆனுக்குப் பெரும் விரிவுரை கண்ட இமாம் ராஸீ அவர்கள்தாம் அம்மை நோய்க்கும் முதன்முதலில் தனிநூல் யாத்தார்கள்" என்று முழங்கினேன். அவையோர் மகிழ்ந்தனர். கூட்டம் கலைந்த பின் முதிய ஆலிம் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, 300 ஆண்டு இடைவெளியில் வாழ்ந்த இருவரை ஒரே கப்ரில் அடக்கம் செய்துவிட்டீரே!" என்றார். கடிந்துகொள்ளவில்லை, புன்னகைத்தார். அந்தப் புன்னகையை இன்றும் நான் மறக்கவில்லை.

அன்று தொடங்கிய தேடலின் ஒரு பகுதியே இக்கட்டுரை.

நிஸ்பத் எனும் அடையாளம்

அரபு மரபில் ஒருவரின் பெயர் பல உறுப்புகளைக் கொண்டது. இயற்பெயர், தந்தை பெயர், 'அபூ' என்று தொடங்கும் குன்யத், சிறப்புப் பெயரான லகப் ஆகியவற்றோடு இறுதியில் நிற்பது நிஸ்பத். குலம், ஊர், தொழில், மத்ஹப் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றோடு மனிதரை இணைத்துச் சொல்வது அதன் வேலை. ஹிஜ்ரி 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் ஸம்ஆனீ (இறப்பு ஹி. 562 / கி.பி. 1166) இந்த நிஸ்பத்துகளை மட்டுமே அகரவரிசைப்படுத்தி 'அல் அன்ஸாப்' எனும் பெருநூலைத் தொகுத்தார் என்றால், இதன் விரிவை உணரலாம்.

'ராஸீ' என்பது ரய் நகரத்தைச் சேர்ந்தவர் என்று பொருள்படும் நிஸ்பத். பொது விதிப்படி 'ரய்யீ' என்றே வர வேண்டும். ஆனால் வழக்கில் ஒரு 'ஸாய்' எழுத்து கூடி 'ராஸீ' என்றாயிற்று. 'மர்வ்' நகரத்தார் 'மர்வஸீ' என்று அழைக்கப்படுவதும் இத்தகையதே. விதிக்கு அடங்காத நிஸ்பத்துகளுக்கு இவ்விரண்டையும் இலக்கண ஆசிரியர்கள் எடுத்துக்காட்டுவர்.

ரய், இன்றைய ஈரானின் தலைநகரான தெஹ்ரானின் தென்பகுதியாகக் கலந்துவிட்ட பழம்பெரும் நகரம். உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் முஸ்லிம்களின் வசமாயிற்று. குராஸானையும் இராக்கையும் இணைக்கும் வணிகப் பெருவழியில் அமைந்திருந்ததால் செல்வமும் கல்வியும் அங்கே செழித்தன. கலீஃபா ஹாரூன் ரஷீத் பிறந்தது அவ்வூரிலேயே. ஹி. 189-இல் அவருடன் அப்பகுதிக்குப் பயணம் சென்ற இமாம் முஹம்மத் பின் ஹஸன் ஷைபானீ (ரஹ்) அவர்களும் இலக்கண மேதை கிஸாயீ அவர்களும் அங்கேயே மறைந்தனர். ஃபிக்ஹையும் அரபு மொழியையும் ரய்யில் அடக்கம் செய்துவிட்டேன் என்று ஹாரூன் வருந்தியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

ஹதீஸ் கலையின் ராஸீகள்

ஹிஜ்ரி 3-ஆம் நூற்றாண்டில் ரய்யின் புகழை உயர்த்தியவர்கள் இரு நண்பர்கள். ஒருவர் அபூஸுர்ஆ உபைதுல்லாஹ் பின் அப்துல் கரீம் ராஸீ (இறப்பு ஹி. 264 / கி.பி. 878). மற்றவர் அபூஹாத்திம் முஹம்மத் பின் இத்ரீஸ் ராஸீ (ஹி. 195-277 / கி.பி. 811-890).

இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹ் தொகுப்பை அபூஸுர்ஆவிடம் காட்டி, அவர் குறை சுட்டியவற்றை நீக்கினார்கள் எனும் செய்தி ஹதீஸ் மாணவர்கள் நன்கறிந்தது. இதே காலத்தில் டமாஸ்கஸிலும் ஓர் அபூஸுர்ஆ ஹதீஸ் பேரறிஞராக விளங்கினார் (இறப்பு ஹி. 281). இருவரின் குன்யத்தும் ஒன்று, துறையும் ஒன்று, காலமும் ஒன்று. 'ராஸீ', 'திமிஷ்கீ' எனும் நிஸ்பத்துகளே அவர்களைப் பிரித்துக் காட்டுகின்றன.

அபூஹாத்திமோ கல்விக்காக நடந்தே தேய்ந்தவர். முதல் பயணத்தில் 7 ஆண்டுகள் ஊர் திரும்பவில்லை. கால்நடையாகக் கடந்த தூரத்தை 1000 ஃபர்ஸகுக்கு மேல் எண்ணியதாகவும், பின்னர் எண்ணுவதையே விட்டுவிட்டதாகவும் அவரே கூறியிருக்கிறார். ஹி. 214-இல் பஸ்ராவில் தங்கியிருந்தபோது கைப்பொருள் தீர்ந்துபோக, உடுதுணிகளை ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிட்டார். அதுவும் தீர்ந்தபின் பட்டினியோடு பாடம் கேட்கச் சென்றார்.

அபூஸுர்ஆவின் மரணப் படுக்கையருகே அபூஹாத்திம் உள்ளிட்ட தோழர்கள் கூடியிருந்தனர். இறக்கும் தறுவாயில் இருப்பவருக்குக் கலிமாவை நினைவூட்ட வேண்டும் என்பது நபிவழி. ஆனால் இத்தகைய மேதைக்கு நாம் சொல்லிக்கொடுப்பதா என்று அவர்கள் நாணினர். ஆகவே, அது தொடர்பான ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரை ஒருவர் சொல்லத் தொடங்கி, பாதியில் நின்றார். மற்றொருவரும் அவ்வாறே நின்றார். அப்போது அபூஸுர்ஆ கண் திறந்து, தாம் பெற்ற தொடரை முஆத் பின் ஜபல் (ரலி) வரை முழுமையாகச் சொன்னார். கடைசிச் சொல் கலிமாவாக அமைபவர் சுவனம் புகுவார் என்பது அந்த ஹதீஸ். கலிமாவை மொழிந்தார், ஹதீஸின் எஞ்சிய பகுதியைச் சொல்லும் முன்பே உயிர் பிரிந்தது.

இவ்விருவரின் அறிவையும் பாதுகாத்துத் தந்தவர் அபூஹாத்திமின் மகனார் இப்னு அபீஹாத்திம் ராஸீ (ஹி. 240-327 / கி.பி. 854-938). ஏறத்தாழ 18 ஆயிரம் அறிவிப்பாளர்களின் தகுதியை ஆராயும் 'அல் ஜர்ஹு வத் தஃதீல்' அவருடைய ஆக்கம்.

இரண்டு அபூஹாத்திம்கள்

ஊரும் குன்யத்தும் நிஸ்பத்தும் ஒருசேர ஒத்துப்போனால் என்ன செய்வது? ஹதீஸ் அறிஞர் அபூஹாத்திம் ராஸீ மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குள் இன்னோர் அபூஹாத்திம் ராஸீ மறைந்தார். இவரது இயற்பெயர் அஹ்மத் பின் ஹம்தான் (இறப்பு ஹி. 322 / கி.பி. 934). ரய்யில் இஸ்மாயீலியக் கொள்கையின் முன்னணி அழைப்பாளராக விளங்கியவர். அரபு மொழியின் மார்க்கக் கலைச்சொற்களை ஆராயும் 'கிதாபுஸ் ஸீனா' இவருடையது. இயற்பெயரையும் தந்தை பெயரையும் பாராமல், 'அபூஹாத்திம் ராஸீ கூறுகிறார்' என்பதை மட்டும் கண்டு எடுத்தாள்பவர், பாத்தினிய விளக்கத்தை ஹதீஸ் இமாமின் தலையில் சுமத்திவிடக்கூடும்.

இந்த இரண்டாம் அபூஹாத்திம் எழுதிய 'அஃலாமுந் நுபுவ்வா', நபித்துவம் தேவையில்லை என்று வாதிட்ட ஒருவருக்கு மறுப்பாக அமைந்தது. எதிர்வாதியின் பெயரை அவர் குறிப்பிடவில்லை. 'முல்ஹித்' என்றே சுட்டுகிறார். பின்னாளில் அதே இயக்கத்தைச் சேர்ந்த ஹமீதுத்தீன் கிர்மானீ அந்த எதிர்வாதியை அடையாளம் காட்டினார். அவரும் ஒரு ராஸீ, மருத்துவ மேதை அபூபக்ர் முஹம்மத் பின் ஸகரிய்யா ராஸீ (ஹி. 251-313 / கி.பி. 865-925).

ஒரே நகரம், ஒரே நிஸ்பத். ஒருவர் நபித்துவத்தைக் காக்க வாதாடுகிறார், மற்றவர் அதை மறுத்ததாகச் சொல்லப்படுகிறார். மருத்துவரின் இக்கருத்துகள் பெரும்பாலும் மறுப்பெழுதியவரின் பேனா வழியாகவே நம்மை வந்தடைந்துள்ளன என்பதையும் மறத்தலாகாது. அவர் உண்மையில் எந்த அளவுக்கு அவ்வாறு சொன்னார் என்பதில் இன்றைய ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வரலாற்றில் நீதியாய் எழுத விரும்புபவர் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும்.

அவரது மருத்துவப் பணியிலோ ஐயமில்லை. ரய்யிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை தாங்கினார். பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டும் 'அல் ஜுதரீ வல் ஹஸ்பா', ஆளுநர் மன்ஸூர் பின் இஸ்ஹாக்குக்காக எழுதிய 'அல் மன்ஸூரீ', குறிப்பேடுகளின் பெருந்தொகுப்பான 'அல் ஹாவீ' ஆகியவை அவர் புகழை நிலைநிறுத்தின. கிரேக்க மருத்துவரோடு சரகர், சுஸ்ருதர் ஆகிய இந்திய மருத்துவரின் கருத்துகளையும் 'அல் ஹாவீ' எடுத்தாள்கிறது. கி.பி. 1279-இல் சிசிலித் தீவைச் சேர்ந்த ஃபரஜ் பின் ஸாலிம் எனும் யூத அறிஞர் இதை இலத்தீனில் பெயர்த்தார். 1486-இல் அது இத்தாலியில் அச்சேறியது. அல்பீரூனீ அவரது மார்க்கக் கருத்துகளை ஏற்காதவர். ஆயினும் அவருடைய நூல்களுக்கெல்லாம் பட்டியல் தயாரித்துத் தனியாக ஓர் ஏடு எழுதினார். உடன்படாதவருக்கும் உரியதை வழங்கும் பண்பு இது.

இரண்டு அபூபக்ர்கள்

மருத்துவர் மறைந்தபோது ரய்யில் 8 வயதுச் சிறுவர் ஒருவர் இருந்தார். அஹ்மத் பின் அலீ எனும் அச்சிறுவரே பின்னாளில் பக்தாத் சென்று, அபுல் ஹஸன் கர்கீயிடம் கற்று, ஹனஃபீ மத்ஹபின் தலைமை அறிஞராக உயர்ந்த இமாம் ஜஸ்ஸாஸ் (ஹி. 305-370 / கி.பி. 917-981). 'அஹ்காமுல் குர்ஆன்' இவரது அரிய நூல். காழீ பதவி தேடி வந்தபோதும் ஏற்க மறுத்த பேணுதலாளர். 'ஜஸ்ஸாஸ்' என்பது சுண்ணச்சாந்துத் தொழிலைக் குறிக்கும் பெயர். இவரது குன்யத்தும் அபூபக்ர்! ஹனஃபீ சட்ட நூல்களில் 'அபூபக்ர் ராஸீ' என்று வந்தால் இவரையே குறிக்கும்.

இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ஹி. 544-606 / கி.பி. 1149-1210) அவர்களின் தஃப்ஸீரைப் படிப்போர் இங்கே விழிப்புடன் இருக்க வேண்டும். சட்ட வசனங்களின் விளக்கத்தில் 'அபூபக்ர் ராஸீ இவ்வாறு கூறினார்' என்று எடுத்துரைத்து, ஷாஃபிஈ மத்ஹபின் தரப்பில் நின்று அவர்கள் விடை கூறும் இடங்கள் பல. அங்கே ஒரு ராஸீயோடு மற்றொரு ராஸீ 200 ஆண்டுகளைக் கடந்து உரையாடுகிறார். இதை அறியாத வாசகர், மருத்துவர் ஏன் சட்டம் பேசுகிறார் என்று திகைப்பார். தத்துவ நூல்களில் மருத்துவரின் கருத்தைப் பேசும்போதோ இமாமவர்கள் 'முஹம்மத் பின் ஸகரிய்யா' என்று தந்தை பெயரோடு சேர்த்தே சுட்டுகிறார்கள்.

ரய் நகரக் கதீபின் மகனாகப் பிறந்த ஃபக்ருத்தீன் அவர்கள் 'இப்னு கதீபிர் ரய்' என்றும் அறியப்பட்டார்கள். வாழ்வின் இறுதியைக் ஹிராத்தில் கழித்து அங்கேயே மறைந்தார்கள். இப்னு ஸீனாவின் 'கானூன்' நூலின் பொதுப் பகுதிக்கும் அவர்கள் உரை எழுதியுள்ளார்கள். மருத்துவத்திலும் கைவைத்தவர் என்பதால்தான், என்னைப் போன்றோர் இருவரையும் ஒருவராகக் குழப்பிக்கொள்வது எளிதாகிறது.

ஊரைப் பிரிந்தும் ஊர்ப்பெயரைச் சுமந்தோர்

நிஸ்பத் சில நேரங்களில் ஊரைவிட நெடுந்தொலைவு பயணம் செய்தது. ரய்யிலிருந்து வணிகராக ஸ்பெயினுக்குச் சென்ற முஹம்மத் பின் மூஸாவின் மகன் அஹ்மத் ராஸீ (ஹி. 274-344 / கி.பி. 887-955), குர்துபாவில் பிறந்து வளர்ந்து, அந்தலூஸின் வரலாற்றை எழுதிய முன்னோடியானார். அவர் மகன் ஈஸாவும் வரலாற்றாசிரியரே. தலைமுறை கடந்தும் 'ராஸீ' எனும் பெயர் அக்குடும்பத்தில் நிலைத்தது.

குத்பீயின் ஆசிரியர் குத்புத்தீன் ராஸீ (இறப்பு ஹி. 766 / கி.பி. 1365) டமாஸ்கஸில் வாழ்ந்து மறைந்தவர். நஜ்முத்தீன் காத்திபீயின் 'ஷம்ஸிய்யா' எனும் தர்க்க நூலுக்கு அவர் எழுதிய விரிவுரையே, ஆசிரியர் பெயராலேயே குத்பீ எனப்படுகிறது. அவருக்கு 'தஹ்தானீ', அதாவது கீழ்த்தளத்தார் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அவர் தங்கியிருந்த மத்ரஸாவின் மேல்தளத்தில் இன்னொரு குத்புத்தீன் குடியிருந்தாராம்! ஊர்ப்பெயர் போதாதபோது மாடிப்படி அடையாளமாயிற்று.

ஹிஜ்ரி 4-ஆம் நூற்றாண்டின் மொழியியல் மேதை இப்னு ஃபாரிஸ் (இறப்பு ஹி. 395 / கி.பி. 1004) ரய்யில் குடியேறி, 'ராஸீ' என்றும் அழைக்கப்பட்டார். ஷாஃபிஈயாக இருந்தவர் ரய்யில் மாலிகீயாக மாறினார். காரணம் கேட்டோரிடம், இத்தனை மத்ஹபுகள் நிறைந்த இப்பெருநகரில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களைப் பின்பற்றுவோர் எவரும் இல்லையே என்ற ஆதங்கமே என்றாராம். பல கொள்கையினர் அருகருகே வாழ்ந்த நகரில் அப்படி நயமாகப் பேசவும் இடமிருந்த காலம் அது.

நகரம் அழிந்த விதம்

அந்தக் காலம் நீடிக்கவில்லை. ஹி. 617-இல் (கி.பி. 1220) தாத்தாரியரின் படையெடுப்புக்குத் தப்பி ஓடும் வழியில் புவியியலறிஞர் யாகூத் ஹமவீ ரய்யைக் கடந்தார். நகரின் பெரும்பகுதி பாழாய்க் கிடந்தது. சுவர்கள் நின்றன, மிம்பர்கள் எஞ்சியிருந்தன, சுவர்ப்பூச்சின் வண்ணம்கூட மங்கவில்லை. வீடுகளில் மட்டும் மனிதர் இல்லை. தாத்தாரியர் வருமுன்பே இந்நிலை ஏன் என்று அவ்வூர் விவரமறிந்தவரிடம் கேட்டார்.

கிடைத்த விடை நெஞ்சை உலுக்குவது. நகரில் ஷீஆக்கள், ஹனஃபீகள், ஷாஃபிஈகள் என மூன்று பிரிவினர் இருந்தனர். முதலில் ஹனஃபீகளும் ஷாஃபிஈகளும் ஒன்றுசேர்ந்து ஷீஆக்களோடு மோதினர். அவர்கள் ஒடுங்கியபின் இவ்விரு மத்ஹபினருமே தமக்குள் மோதினர். மத்ஹபை மறைத்துக்கொண்டவர்களே தப்பினர். பகைக்கு அஞ்சி மக்கள் வீடுகளை நிலத்துக்கடியில் இருண்ட பாதைகளோடு கட்டிக்கொண்டனராம். எஞ்சியதை மங்கோலியர் முடித்துவைத்தனர். அந்தப் பேரழிவுக்கு முன் ஊரைத் துறந்த நஜ்முத்தீன் ராஸீ (இறப்பு ஹி. 654 / கி.பி. 1256) அனத்தோலியாவுக்குச் சென்று, 'மிர்ஸாதுல் இபாத்' எனும் தஸவ்வுஃப் நூலை எழுதினார்.

ஜஸ்ஸாஸ் எனும் ஹனஃபீயையும் ஃபக்ருத்தீன் எனும் ஷாஃபிஈயையும் ஈன்ற நகரம் அது. ஏட்டில் அவ்விருவரும் நாகரிகமாக வாதாடிக்கொண்டிருக்க, தெருவில் அவர்களின் பெயரால் வாளெடுத்தோர் ஊரையே இடுகாடாக்கினர். அயலானை இன்ன பெயரினன், இன்ன குணத்தினன் என்று அறியாமல், இன்ன கூட்டத்தான் என்று மட்டுமே அறிந்ததன் விளைவு இது. ராஸீகள் ஏட்டில் வாழ்கின்றனர், ரய் வீழ்ந்தது.

பிரித்தறியும் கலை

நம் முன்னோர், குறிப்பாக ஹதீஸ் கலையினர், ஒரே பெயருடையோரைப் பிரித்தறிவதை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தனர். இத்துறையில் கதீப் பக்தாதீ (இறப்பு ஹி. 463 / கி.பி. 1071) எழுதிய 'அல் முத்தஃபிக் வல் முஃப்தரிக்' புகழ்பெற்றது. இருவரை ஒருவராக்குவதும் ஒருவரை இருவராக்குவதும் ஆகிய பிழைகளை ஆராய 'மூளிஹு அவ்ஹாமில் ஜம்இ வத் தஃப்ரீக்' எனும் நூலையும் அவர் எழுதினார்.

இதில் ராஸீகளுக்கும் பங்குண்டு. இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் 'அத் தாரீகுல் கபீர்' நூலை அபூஸுர்ஆவும் அபூஹாத்திமும் ஆராய்ந்து, பெயர்களில் நேர்ந்த பிழைகள் எனத் தாம் கருதியவற்றைக் குறித்தனர். இப்னு அபீஹாத்திம் அவற்றைத் தனிநூலாக்கினார். பின்னர் கதீப், அவற்றுள் சில புகாரீயின் நூலில் சரியாகவே இருப்பதை எடுத்துக்காட்டினார். திருத்தியவரும் திருத்தப்பட்டார், எவரின் கண்ணியமும் குறையவில்லை. புகாரீயின் நூலையே சோதிக்கத் தயங்காத அந்த அச்சமின்மை, அறிவின் மீது கொண்ட அமானிதத்திலிருந்து பிறந்தது.

இவற்றைக் கற்க நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 'அல் ஜர்ஹு வத் தஃதீல்', 'அல் ஹாவீ', ஃபக்ருத்தீன் ராஸீயின் 'அல் மபாஹிதுல் மஷ்ரிகிய்யா' ஆகிய மூன்று ராஸீகளின் நூல்களையும் 20-ஆம் நூற்றாண்டில் அச்சிட்டு உலகுக்கு வழங்கியது தக்காணத்து ஹைதராபாதின் தாயிரத்துல் மஆரிஃப் நிறுவனம். காலத்தாலோ துறையாலோ பிரிந்திருந்தவர்கள் நம் நாட்டு அச்சகத்தில் சந்தித்தனர்.

நமது நிஸ்பத்துகள்

நம்மிடையேயும் நிஸ்பத்துகள் உண்டு. பாகவி, மன்பஈ, மிஸ்பாஹி, ஜமாலி, மஹ்ழரி என்று ஓதிய மத்ரஸாவோடு இணைத்து அறியப்படும் ஆலிம்கள் தமிழகமெங்கும் உள்ளனர். கற்ற இடத்துக்குக் காட்டும் நன்றி அது. ஆயினும் ஒருவரின் பெயருக்குப் பின்னுள்ள சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், அவர் என்ன சொல்வார், ஏற்கத்தக்கவரா என்றெல்லாம் முடிவு கட்டிவிடும் வழக்கம் நம்மிடம் இல்லையா? ஒரே பெயரும் ஒரே நிஸ்பத்தும் உடைய இருவருள் ஒருவர் சொன்னதை மற்றவர் மீது சுமத்திப் பரப்பும் அவலம், கைப்பேசிகள் பெருகிவிட்ட இந்நாளில் எளிதாக நிகழ்கிறது.

மனிதர் பல சமூகங்களாகவும் குலங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று திருக்குர்ஆன் (49:13) உணர்த்துகிறது. அதே அத்தியாயத்தின் 6-ஆம் வசனம், செய்தி வந்தால் தெளிவாக விசாரித்தறியுமாறு கட்டளையிடுகிறது. இரண்டையும் இணைத்துப் பார்த்தால் பெயர்களின் நோக்கம் விளங்கும். நிஸ்பத் அறிமுகத்தின் வாசல். வாசலில் நின்றுகொண்டு வீட்டுக்குள் இருப்பவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது முறையாகாது.

இப்போதெல்லாம் மாணவர்கள் "ராஸீ கூறினார்" என்று எழுதி வந்தால், அந்த முதியவரைப் போலப் புன்னகைத்து, "எந்த ராஸீ?" என்று கேட்கிறேன். விடை தேடி நூலகத்துக்குப் போகும் மாணவன் ஒரு பெயரைத் தேடிச் சென்று பத்து மனிதர்களை அறிந்து திரும்புகிறான். எவர் சொல்லையும் உரியவரிடமே சேர்க்கும் அமானிதத்தையும், எவரையும் அவரவராகவே அறியும் நீதியையும் வல்ல இறைவன் நமக்கு வழங்குவானாக!